பிராம்டனில் முதல் கார்: இன்சூரன்ஸ் மாசம் 480 டாலர் சொல்றாங்க, எங்கே குறைக்கலாம்?

தாம்பரம்2பிராம்டன்:

வணக்கம். தாம்பரத்திலிருந்து கனடா வந்து பிராம்டனில் வாடகைக்கு இருக்கோம், நானும் மனைவியும். எனக்கு 2013லிருந்து தமிழ்நாட்டு லைசன்ஸ். கடைசி ஏழு வருஷம் என் பேரிலேயே கார் இருந்தது, கிளெய்ம் எதுவும் போட்டதில்லை, கடைசி பாலிசியில் என்.சி.பி. (கிளெய்ம் போடாததுக்கான தள்ளுபடி) 50 சதவீதம். மனைவிக்கும் லைசன்ஸ் இருக்கு, ஆனா வண்டி எடுத்தது குறைவு. இங்கே ரெண்டு பேரும் ஜி1 (பழகுநர் லைசன்ஸ்) எழுத்துத் தேர்வு பாஸ். எனக்கு அடுத்த படியான ஜி2 ரோடு டெஸ்ட் புக் பண்ணலாம்னு இருக்கேன்.

2019 ஹோண்டா சி.ஆர்.-வி ஒண்ணு பார்த்து வெச்சிருக்கோம், பாதி கடன். ஆபீஸ் மிசிசாகா, ஒரு வழி 22 கி.மீ., வாரத்துக்கு மூணு நாள். ஜி2 கிடைச்சிட்டதா வெச்சு விலை கேட்டதில் ஒரு ப்ரோக்கர் மாசம் 540 டாலர், ஆன்லைனில் ஒரு கம்பெனி 480. மூணாவதா ஒருத்தர் வாட்ஸ்அப்பில் 290க்கு முடிச்சுத் தர்றேன், "அட்ரஸ் மட்டும் லண்டன்னு போட்டுக்கலாம்" என்கிறார் (ஒன்டாரியோ லண்டன்).

என் கேள்விகள்: சென்னையில் ஓட்டின வருஷங்களை இங்கே யாராவது கணக்கில் எடுப்பாங்களா? எடுத்தா என்ன பேப்பர் வேணும்? கவரேஜில் எதை எடுத்துவிட்டா பரவாயில்லை? அந்த 290 டாலர் ஆளை நம்பலாமா?

---

பிரீமியம்_கணக்கு:

ஜி2 புக் பண்றதைக் கொஞ்சம் நிறுத்துங்க. ஏன்னு கீழே சொல்றேன். அதுக்கு முன்னாடி விலை எப்படி வருதுங்கறது தெரியணும்.

இது பாரிமுனை இல்லை, பேரம் பேச. ஒன்டாரியோவில் ஒவ்வொரு கம்பெனியும் தன் ரேட்டையும் அதுக்கான விதிகளையும் எஃப்.எஸ்.ஆர்.ஏ. என்கிற மாகாண ஆணையத்திடம் தாக்கல் செய்து, ஒப்புதல் வாங்கித்தான் விற்க முடியும். ஒரே கம்பெனி, ஒரே தகவல் என்றால் எந்த ப்ரோக்கர் வழியா போனாலும் ஒரே விலைதான் வரணும். வித்தியாசம் வந்தா, ஒண்ணு கம்பெனி வேற, இல்லைன்னா உள்ளே தட்டின தகவல் வேற. அதனால ஒவ்வொரு விலைக்கும் கேட்டு வாங்க வேண்டியது: எந்தக் கம்பெனி, லைசன்ஸ் தேதி என்ன போட்டாங்க, வெளிநாட்டு அனுபவம் எத்தனை வருஷம் போட்டாங்க, ஒரு வழி தூரம், வருஷ கிலோமீட்டர், டிடக்டிபிள் (கிளெய்மில் நம்ம கையிலிருந்து கட்டுற பங்கு). மாசத் தொகையை ஒப்பிடாதீங்க, வருஷத் தொகையைக் கேளுங்க. மாசத் தவணைக்கு வட்டி சேரும். ஒன்டாரியோவில் கார் இன்சூரன்ஸுக்கு விற்பனை வரி கிடையாது, "ப்ளஸ் டாக்ஸ்" என்று யாராவது சொன்னா அங்கேயே எச்சரிக்கை ஆகிடுங்க.

கடைகள் மூணு வகை. ப்ரோக்கர் பல கம்பெனி விற்பார். ஏஜென்ட் ஒரே கம்பெனி. தானே நேரா விற்கிற நேரடிக் கம்பெனிகளை ப்ரோக்கர் காட்டவே மாட்டார், அவரால முடியாது. மூணு பக்கமும் கேட்காம "மார்க்கெட் ரேட் இதுதான்"னு முடிவு பண்ணாதீங்க. புதுசா வந்தவங்களுக்குக் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் மத்தவங்களைவிடப் பெரிசு. காரணம் ஒண்ணே ஒண்ணு: வெளிநாட்டு அனுபவத்தைச் சிலர் சுழியமா எடுப்பாங்க, சிலர் சில வருஷம் வரை ஒத்துக்குவாங்க. அமெரிக்கா ரெக்கார்டு என்றால் சுலபம். இந்தியா, இலங்கை என்றால் "உங்க கம்பெனியில் எத்தனை வருஷம் வரை ஏத்துப்பீங்க, எந்தப் பேப்பருக்கு?" என்று அதே வார்த்தையில் கேட்கணும். கேட்காட்டி பாதிப் பேர் சுழியம் போட்டு விலை சொல்லிடுவாங்க.

இப்போ ஜி2 விஷயம். இந்திய லைசன்ஸுக்கு நேரடி மாற்று கிடையாது, தேர்வு எழுதித்தான் ஆகணும். ஆனா அனுபவத்துக்குச் சலுகை உண்டு. கடந்த மூணு வருஷத்துக்குள்ள 12 மாசம் வரைக்குமான அனுபவத்தை நீங்களே டிரைவ்டெஸ்ட் (லைசன்ஸ் தேர்வு மையம்) கவுண்டரில் அறிவிக்கலாம். அதை வெச்சு காத்திருப்பு இல்லாம ஜி2 ரோடு டெஸ்ட் போகலாம். 24 மாசமோ அதுக்கு மேலேயோ இருக்குன்னு உறுதிக் கடிதம் காட்டினா, ஜி2வைத் தாண்டி நேரா ஜி (முழு லைசன்ஸ்) ரோடு டெஸ்டுக்கே போகலாம். அந்தக் கடிதம் லைசன்ஸ் கொடுத்த ஆர்.டி.ஓ.விலிருந்தோ, இந்தியத் தூதரகத்திலிருந்தோ வரணும். டொராண்டோ துணைத் தூதரகத்துக்கான விண்ணப்பத்தை, தூதரகத்துக்காக விண்ணப்பம் வாங்குற பி.எல்.எஸ். மையத்தில் கொடுக்கலாம். கடிதம் ஆங்கிலத்தில், லெட்டர்ஹெட்டில், லைசன்ஸ் நம்பர், முதல் முதலா கொடுத்த தேதி, வண்டி வகை, இப்போ செல்லுபடி ஆகுதா என்பது எல்லாம் இருக்கணும். சமீபத்துத் தேதியா இருக்கட்டும்.

அங்கே சிக்குறது ரெண்டு இடத்தில். ஒண்ணு, லைசன்ஸைப் புதுப்பிச்சிருந்தா கார்டில் புதுப்பிச்ச தேதி முன்னாடி நிக்கும். கடிதத்தில் அந்தத் தேதி மட்டும் வந்தா உங்க பத்து வருஷம் காத்தோட போச்சு. சாரதி போர்ட்டலில் (இந்திய அரசின் லைசன்ஸ் இணையதளம்) உங்க விவரத்தைத் திறந்து முதல் தேதி சரியா இருக்கான்னு முதல்லயே பாருங்க. பழைய புத்தக லைசன்ஸ் சில சமயம் சாரதியில் ஏத்தப்படாமலே இருக்கும், அப்போ ஊரில் ஒருத்தர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய் பேக்லாக் என்ட்ரி போட வைக்கணும்.

ரெண்டாவது இனிஷியல். லைசன்ஸில் "எஸ். கார்த்திக்", பாஸ்போர்ட்டில் "கார்த்திக் சுப்பிரமணியம்" என்று இருந்தா, கவுண்டரில் இருப்பவருக்கு ரெண்டும் ரெண்டு ஆள். பிறந்த தேதியும் அப்பா பேரும் கடிதத்தில் வரும்படி கேளுங்க, லைசன்ஸ் அசலையும் கையில் வைங்க.

ஜி டெஸ்டில் ஹைவே உண்டு. நம்ம ஆளுங்க அங்கே தோற்கிறது வேகத்தால இல்லை. தோளுக்கு மேல திரும்பிப் பார்க்காம லேன் மாறுறது, ஸ்டாப் போர்டில் சக்கரம் முழுசா நிக்காம உருண்டு போறது, ஹைவே ஏறும் ராம்ப்பில் வேகம் எடுக்கத் தயங்குறது. ரெண்டு மூணு கிளாஸ் எடுத்துட்டுப் போங்க.

இன்சூரன்ஸுக்கான பேப்பர் தனி, லைசன்ஸ் கடிதம் அதுக்குப் போதாது. பழைய இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து அனுபவக் கடிதம் வேணும்: பாலிசி நம்பர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, யார் பேரில், கிளெய்ம் எதுவும் இல்லை என்ற வரி, கையெழுத்து, சீல், ஈமெயில் முகவரி. ஊரில் வருஷா வருஷம் விலை குறைஞ்ச கம்பெனிக்கு மாறியிருப்பீங்க. ஒவ்வொரு கம்பெனியும் தன்கிட்ட இருந்த வருஷத்துக்கு மட்டும்தான் எழுதிக் கொடுக்கும். அதனால அத்தனை பேருக்கும் தனித்தனியா ஈமெயில் போடணும். என்.சி.பி. 50 சதவீதம் என்பது ஐந்து வருஷமாவது சொந்தச் சேதக் கிளெய்ம் இல்லைன்னு அர்த்தம், ஆனா இங்கே இருக்கிறவருக்கு அந்தச் சதவீதம் எதுவும் சொல்லாது, தேதிதான் பேசும். நம்ம ஊர் பாலிசி வண்டியை வெச்சு, உரிமையாளர் பேரில் இருக்கும், ஓட்டுறவங்க பட்டியல் கிடையாது. கார் அப்பா பேரில் இருந்திருந்தா மகனுக்கு இங்கே காட்ட ஒண்ணுமில்லை. உங்களுக்குச் சொந்தப் பேரில் இருந்ததால் தப்பிச்சீங்க.

---

மோர்னிங்சைட்:

மேலே பிரீமியம்_கணக்கு சொன்னது எல்லாம் சரி. நான் அந்த 290 டொலர்க்காரனைப் பற்றி மட்டும் எழுதிறன்.

அவரிட்டை போகாதேங்கோ. இங்கை காப்புறுதி விலை, கார் இரவிலை எங்கை நிக்குதோ அந்த இடத்தின்ரை போஸ்டல் கோட்டைப் பார்த்துத்தான் போடுறவை. பிராம்டன் மாகாணத்திலையே விலை கூடின இடங்களிலை ஒண்டு, ஸ்காபரோவும் குறைஞ்சதில்லை. லண்டன், கிங்ஸ்டன் பக்கம் குறைவு. அதுதான் இந்த முகவரி விளையாட்டு. விபத்து நடந்தாப் பிறகு கம்பனி முதல் செய்யிற வேலை, ஆள் உண்மையிலை எங்கை இருக்கிறார் எண்டு பார்க்கிறது. வாடகை ஒப்பந்தம், வேலை இடம், ஃபோன் பில், லைசன்ஸிலை இருக்கிற முகவரி, எல்லாம் வெளியாலை வரும். பொய்த் தகவல் குடுத்தது தெரிஞ்சா உங்கடை காருக்கான காசு கிடைக்காது. எதிர்த்தரப்புக்குச் சட்டப்படி குறைந்தபட்சத் தொகையைக் கம்பனி குடுத்திட்டு, அதை உங்களிட்டைத் திருப்பிக் கேக்கும். அதுக்குப் பிறகு வேறை ஒரு கம்பனியும் சாதாரண விலைக்கு எடுக்காது.

இதிலை இன்னொரு பாதி இருக்கு. சில பேர் முகவரி மாத்துறதோடை நிக்கிறேல்லை, பொலிசியே பொய். முதல் மாதக் காசைக் கட்டி பிங்க் ஸ்லிப் (காப்புறுதி இருக்கெண்டு காட்டுற அட்டை) எடுத்து உங்களுக்கு அனுப்பிப்போட்டு, அடுத்த மாதம் ரத்துச் செய்துபோடுவினம். நீங்கள் காப்புறுதி இருக்கெண்டு நினைச்சு ஓடுவியள். ஒன்டாரியோவிலை காப்புறுதி இல்லாமல் ஓடினால் முதல் தரம் 5,000 தொடக்கம் 25,000 டொலர் வரை தண்டம், ரெண்டாம் தரம் 10,000 தொடக்கம் 50,000. லைசன்ஸும் ஒரு வருசம் வரை போகலாம், காரை மூண்டு மாதம் வரை பறிச்சு வைக்கலாம்.

சரி பார்க்கிற விதம்: ப்ரோக்கர் எண்டால் அவற்றை பேர் ரிபோ (ப்ரோக்கர்மாரைப் பதிவு செய்யிற மாகாண அமைப்பு) இணையத்தளப் பதிவேட்டிலை இருக்க வேணும். ஏஜென்ட் எண்டால் எஃப்.எஸ்.ஆர்.ஏ. பதிவேட்டிலை. பொலிசி நம்பரை எடுத்துக்கொண்டு, அவர் தந்த நம்பருக்கில்லை, கம்பனியின்ரை சொந்த இணையத்தளத்திலை இருக்கிற நம்பருக்கு நீங்களே அடிச்சு, "என்ரை பேரிலை பொலிசி இருக்கோ, என்ன முகவரி, என்ன கார்" எண்டு கேளுங்கோ. காசு அவற்றை சொந்த ஈமெயிலுக்கு இ-ட்ரான்ஸ்ஃபர் கேட்டால் அதோடை கதை முடிஞ்சுது. ஃபோனிலை வாற பிங்க் ஸ்லிப் எல்லாம் பொய் எண்டு நினைக்கவும் வேண்டாம், 2019இலை இருந்து மின்வடிவ ஸ்லிப் இங்கை செல்லும்.

சொந்தக்காரர் வீட்டிலை இருக்கிறவைக்கு ஒரு குறிப்பு. ஒரே வீட்டிலை லைசன்ஸ் உள்ள எல்லாரையும் பொலிசியிலை சொல்ல வேணும். மாமாவின்ரை காரை அப்பப்ப ஓடுறதெண்டால் அவற்றை பொலிசியிலை உங்களையும் ஓட்டுனரா ஏத்தச் சொல்லுங்கோ. அவருக்கு விலை கூடலாம், அந்த வித்தியாசத்தை நீங்கள் குடுங்கோ. பேர் ஏறின நாளிலை இருந்து இந்த நாட்டுக் காப்புறுதி வரலாறு உங்களுக்குத் தொடங்கும். பிறகு சொந்தமா எடுக்கேக்கை கன கம்பனி அதைப் பார்க்கும்.

இலங்கை லைசன்ஸ்காரர் வெரஹெரவிலை உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலை உறுதிக் கடிதம் எடுக்கலாம். வெளிக்கிட முதல் எடுத்துக்கொண்டு வாறது சுகம்.

---

ஸ்னோ_டயர்:

யாரும் காரைப் பத்திப் பேசலையே. விலையில் பெரிய பங்கு அந்த சி.ஆர்.-வி.தான்.

கனடாவில் கிளியர் என்று ஒரு மதிப்பீட்டு முறை இருக்கு. ஒவ்வொரு மாடலுக்கும் வருஷத்துக்கும் இதுவரை எவ்வளவு கிளெய்ம் வந்திருக்கு என்பதை வெச்சு மோதல், திருட்டு, உடல் காயம் என்று தனித்தனி எண் கொடுப்பாங்க. கார் விலை குறைவுன்னா இன்சூரன்ஸும் குறைவுன்னு கணக்கு போடக்கூடாது. டொராண்டோ சுற்றுவட்டாரத்தில் சி.ஆர்.-வி., டொயோட்டா ஹைலேண்டர், லெக்சஸ் ஆர்.எக்ஸ்., ராம் 1500 எல்லாம் திருடனுக்குப் பிடிச்ச வண்டிகள். வீட்டுக்குள்ள இருக்கும் சாவியின் சிக்னலை நீட்டிச்சுக் கதவைத் திறந்து, ஓ.பி.டி. போர்ட் (மெக்கானிக் கம்ப்யூட்டரை இணைக்கிற இடம்) வழியா புதுச் சாவி பதிஞ்சு எடுத்துட்டுப் போயிடுவாங்க. அதனால சில கம்பெனிகள் இந்த மாடல்களுக்குக் கூடுதல் கட்டணம் போடும், அல்லது அவங்க சொல்ற டிராக்கரைப் பொருத்தினா அதை எடுத்துவிடும். விலை கேட்கும்போதே "இந்த வண்டிக்குத் திருட்டுக் கூடுதல் இருக்கா, எந்த டிராக்கர் போட்டா போகும்?" என்று கேளுங்க. நீங்களா ஏதாவது டிராக்கர் வாங்கி மாட்டினா கணக்கில் வராது.

வாங்குறதுக்கு முன்னாடி மூணு நாலு வண்டியோட வின் நம்பரை (ஒவ்வொரு வண்டிக்கும் தனியா இருக்கிற அடையாள எண்) கையில் வெச்சு ஒரே இடத்தில் விலை கேளுங்க. மத்த எதையும் மாத்தாதீங்க. கொரோலா, மாஸ்டா 3, எலான்ட்ரா மாதிரி வண்டிகளையும் சேர்த்துப் பாருங்க. அதே மாடலில் ட்ரிம் மாறினாலும், ஃபோர்-வீல் டிரைவ் இருந்தாலும் எண் மாறும். அட்வான்ஸ் கொடுத்த பிறகு விலை கேட்கிறதுதான் இங்கே புதுசா வர்றவங்க அதிகமா செய்யறது.

குளிர்கால டயர் போட்டா தள்ளுபடி கொடுக்கணும் என்பது 2016லிருந்து எல்லாக் கம்பெனிக்கும் கட்டாயம். நாலு சக்கரத்துக்கும் வேணும், மலையும் பனிச்செதிலும் போட்ட சின்னம் இருக்கிற டயரா இருக்கணும். "ஆல் சீசன்" என்று எழுதியிருந்தா போதாது. டயர் விலையை அந்தத் தள்ளுபடி மட்டும் ஈடு கட்டாது, ஆனா பிராம்டன் ஜனவரியில் டயர் இல்லாம ஓட்டிப் பின்னால போய் இடிச்சா அது உங்க தப்பு. புது ஆளுக்கு அந்த ஒரு கிளெய்ம் பல வருஷம் விலையில் நிக்கும்.

---

பிரீமியம்_கணக்கு:

கவரேஜ் கேட்டிருந்தீங்க.

கட்டாயமானது: மூன்றாம் நபர் பொறுப்பு, குறைந்தபட்சம் 2 லட்சம் டாலர். விபத்துப் பலன்கள். காப்பீடு இல்லாதவர் மோதினால் வரும் கவர். அப்புறம் டி.சி.பி.டி., அதாவது தப்பு உங்களது இல்லைன்னா உங்க வண்டிச் சேதத்தை உங்க கம்பெனியே கொடுக்கிறது. இதில் பொறுப்புத் தொகையைக் குறைச்சுக் காசு மிச்சம் பிடிக்கப் பார்க்காதீங்க. 2 லட்சத்துக்கும் 10 லட்சத்துக்கும் விலை வித்தியாசம் சின்னது, 10லிருந்து 20 லட்சத்துக்குப் போக அதைவிடச் சின்னது. இங்கே ஒரு காயம் கோர்ட்டுக்குப் போனா 2 லட்சம் எங்கேயும் போதாது.

கட்டாயப் பட்டியலில் இருந்தாலும், டி.சி.பி.டி.யை மட்டும் 2024 ஜனவரியிலிருந்து வேண்டாம்னு எழுதிக் கொடுக்கலாம். எழுதிக் கொடுத்தா அடுத்தவன் வந்து இடிச்சாலும் உங்க காருக்குச் சல்லிக்காசு வராது, இடிச்சவன் மேல வழக்கும் போட முடியாது. கடன் வண்டிக்கு வங்கியும் விடாது. 2,000 டாலர் வண்டிக்கு வேணா யோசிக்கலாம்.

மோதல் கவரும் (தப்பு உங்களதா இருந்தாலும் உங்க வண்டிச் சேதத்துக்கு) காம்ப்ரிஹென்சிவும் சட்டப்படி விருப்பம்தான், ஆனா கடன் இருக்கிற வரை வங்கி கேட்கும். அங்கே செய்யக்கூடியது டிடக்டிபிளை 500லிருந்து 1,000க்கு ஏத்துறது. ரெண்டு விலையையும் வாங்கிப் பாருங்க. வருஷத்துக்கு 60 டாலர்தான் மிச்சம்னா அதுக்காக 500 டாலர் ரிஸ்க் எடுக்கத் தேவையில்லை, 250 மிச்சம்னா எடுக்கலாம். பழைய வண்டியை முழுக் காசு கொடுத்து வாங்கினா மோதல் கவரை எடுத்துட்டு, திருட்டு, ஆலங்கட்டி, மான் மோதல் எல்லாத்துக்கும் வர்ற காம்ப்ரிஹென்சிவை மட்டும் வெச்சுக்கலாம்.

பாலிசியோட சேர்க்கும் சேர்க்கைகள் ஓ.பி.சி.எஃப். என்று எண் போட்டு வரும். அதில் 44ஆர் மலிவு, வெச்சுக்குங்க. உங்களை இடிச்சவரிடம் போதிய கவர் இல்லைன்னா உங்க வரம்பு வரை உங்க கம்பெனி கொடுக்கும். 20 என்பது ரிப்பேர் நாட்களில் வாடகைக் கார், 27 என்பது நீங்க வாடகைக்கு எடுத்த காரின் சேதம். ரெண்டும் உங்க தேவையைப் பொறுத்தது. 43 தேய்மானம் கழிக்காமல் கொடுப்பது, அது புது வண்டி வாங்கினவங்களுக்கு. 2019 பழைய வண்டிக்கு அதைச் சேர்த்து யாராவது விலை சொல்லியிருந்தா எடுக்கச் சொல்லுங்க.

விபத்துப் பலன்களில் 2026 ஜூலை 1 முதல் மாற்றம். மருத்துவம், மறுவாழ்வு, உதவியாளர் செலவு மட்டும் கட்டாயம். வருமான இழப்பு, பராமரிப்பாளர், இறப்பு, ஈமச்சடங்கு எல்லாம் நீங்க கேட்டு வாங்கினால்தான். இங்கேதான் "பிரீமியம் குறைச்சுத் தர்றேன்" என்று நிறைய பேர் வெட்டப் போறாங்க. வருமான இழப்பு வழக்கமா சம்பளத்தில் 70 சதவீதம், வாரத்துக்கு அதிகபட்சம் 400 டாலர். ஆபீசில் நீண்டகால ஊனக் காப்பீடு இருந்தா அதன் விதிகளைப் படிச்சுட்டு முடிவு பண்ணுங்க. ஒரே சம்பளத்தில் ஓடற வீட்டுக்கு, புதுசா வந்து சேமிப்பும் இல்லைன்னா, அதை எடுத்துவிடறது எனக்குச் சரியாப் படலை.

---

தாம்பரம்2பிராம்டன்:

ஜி2 புக் பண்ணலை, தூதரகக் கடிதத்துக்கு விண்ணப்பம் ரெடி பண்றேன். இன்னும் ரெண்டு கேள்வி. டிரைவிங் ஸ்கூலில் பி.டி.இ. கோர்ஸ் சர்டிபிகேட் இருந்தா விலை குறையும்னு சொல்றாங்க, நேரா ஜி போறவனுக்கும் அது உதவுமா? மனைவி ஜி1லேயே இருந்தா பாலிசியில் காட்டணுமா? வார இறுதியில் சாப்பாடு டெலிவரி பண்ற யோசனையும் இருக்கு.

---

ஸ்னோ_டயர்:

பி.டி.இ. என்பது மாகாணம் அங்கீகரிச்ச புது ஓட்டுநர் கோர்ஸ்: வகுப்பு 20 மணி, காரில் 10 மணி, மீதி 10 மணி வீட்டுப் பாடம் அல்லது வேறு பயிற்சி. ஜி1லிருந்து ஜி2வுக்கான காத்திருப்பு 12 மாசம் என்பது எட்டாகும். உங்களுக்கு அது தேவையில்லை, உங்க மனைவிக்குத்தான் பொருந்தும். இன்சூரன்ஸில் சில கம்பெனிகள் இதைச் சில வருஷ அனுபவத்துக்குச் சமமா எடுக்கும், சில கம்பெனிகள் வெளிநாட்டு அனுபவத்தை ஏத்துக்கிட்டா இதைத் தனியா சேர்க்காது. காசு கட்டுறதுக்கு முன்னாடி, சர்டிபிகேட்டோட ஒரு விலை, இல்லாம ஒரு விலை கேளுங்க. வித்தியாசம் கோர்ஸ் ஃபீஸைத் தாண்டினா போகட்டும்.

ஸ்கூல் மாகாண அரசின் பட்டியலில் இருக்கணும். "வகுப்புக்கு வர வேண்டாம், சர்டிபிகேட் மட்டும் தர்றோம்" என்பவங்க பக்கம் தலை வெச்சுப் படுக்காதீங்க. கோர்ஸ் முடிச்ச தகவல் ஆன்லைனில் உங்க லைசன்ஸ் வரலாற்றில் ஏறணும், கம்பெனி அங்கேதான் பார்க்கும். கையில் இருக்கிற காகிதத்துக்கு மதிப்பில்லை.

---

பிரீமியம்_கணக்கு:

மனைவியைக் கட்டாயம் காட்டணும். ஜி1 ஆளுக்குப் பெரும்பாலும் கூடுதல் பணம் வாங்க மாட்டாங்க, ஏன்னா தனியா ஓட்ட முடியாது. ஜி2 பாஸ் ஆன அன்னைக்கே கம்பெனிக்குச் சொல்லணும், அப்போ விலை ஏறும். வாங்கும்போதே "இவங்க ஜி2 ஆனா எவ்வளவு?" என்று ஒரு தொகை கேட்டு வெச்சுக்குங்க. இன்னைக்கு மலிவா இருக்கிற கம்பெனி அன்னைக்கு மலிவா இருக்கும்னு இல்லை.

டெலிவரியைச் சொல்லாம செய்யாதீங்க. சாதாரண பாலிசி கூலிக்கு ஆள் ஏத்துறதையும் பொருள் கொண்டு போறதையும் உள்ளடக்காது. சாப்பாட்டுப் பையோட இடிச்சீங்கன்னா கிளெய்ம் சிக்கல்தான். சில கம்பெனிகள் சின்னக் கூடுதல் வாங்கிட்டு அனுமதிக்கும், சில கம்பெனிகள் பாலிசியே தராது. வார இறுதி வருமானத்தை அந்தக் கூடுதலோட கழிச்சுப் பாருங்க.

பணம் கட்டுறதில் கவனம். கணக்கில் காசில்லாம தவணை திரும்பி, அதனால பாலிசி ரத்தானா அது மூணு வருஷம் பின்னாடியே வரும். அப்புறம் சாதாரணக் கம்பெனிகள் தள்ளிவிட, ஃபெசிலிட்டி அசோசியேஷன் வழியா வர்ற கடைசிப் புகலிட விலைதான். தவணைத் தேதியைச் சம்பளத் தேதிக்கு அடுத்த நாளா மாத்திக் கேளுங்க. நடுவில் வேற கம்பெனிக்குத் தாவினாலும் பல இடத்தில் மீதி நாள் பணத்தில் அபராதம் கழிச்சுத்தான் திருப்பித் தருவாங்க. புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு மாசம் முன்னாடி எல்லாருக்கும் மறுபடி விலை கேட்டு, அந்தத் தேதியில் மாறுங்க. முதல் வருஷம் கிளெய்ம் இல்லாம முடிஞ்சா ரெண்டாவது வருஷம் உங்களை எடுக்க வர்ற கம்பெனிகளோட எண்ணிக்கையே கூடும்.

ஃபோன். கையில் பிடிச்சுக்கிட்டு ஓட்டினா ஜி ஆளுக்கு 615 டாலர், மூணு குற்றப் புள்ளி, மூணு நாள் லைசன்ஸ் நிறுத்தம். ஜி1, ஜி2 ஆளுக்குப் புள்ளிக்குப் பதிலா 30 நாள் நிறுத்தம். இன்சூரன்ஸில் சில கம்பெனிகள் இதைப் பெரிய குற்றமாவே எடுக்குது. பார்க்கிங் டிக்கெட், ரெட் லைட் கேமரா டிக்கெட் விலையில் வராது. போலீஸ் நிறுத்திக் கொடுத்தது வரும், தீர்ப்பான தேதியிலிருந்து மூணு வருஷம்.

---

மோர்னிங்சைட்:

ஒரு சின்ன விசயம். ஜி கிடைச்சாப் பிறகு லைசன்ஸ் கார்ட் தபாலிலை வரக் கொஞ்ச நாள் எடுக்கும். கையிலை தாற தற்காலிகப் பேப்பரோடையே கம்பனிக்கு அடிச்சு லைசன்ஸ் வகுப்பை மாத்தச் சொல்லுங்கோ, கார்டுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. அனுபவக் கடிதங்களை அப்பவே ஸ்கேன் செய்து அனுப்பி, "எத்தினை வருசம் ஏத்தீட்டியள் எண்டு எழுத்திலை தாங்கோ" எண்டு கேளுங்கோ. பொலிசிப் பத்திரத்திலை அந்த எண்ணிக்கை பிழையா இருந்தால் முதல் மாதத்துக்குள்ளை திருத்துறது லேசு.